ஒதியமரத்துக்காக நான் பாடிய லாவணி

சுதந்திரம் வந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். ராயபுரத்தில் காசிமேட்டுக்குப் போகிற வழியில் ஒரு காம்பவுண்டு வீட்டில் அப்போது குடியிருந்தேன். இரண்டு பக்கமும் வரிசையாக ஓட்டு வீடுகள், நடுவில் ஒரு கைவண்டி போகிற அளவுக்குச் சந்து, தெருப்பக்கம் கதவில்லாத வாசல். வாசலுக்கு ஒரு பக்கம் பூவரசு, மறுபக்கம் ஒதியமரம். பூவரசின் அடியில் சைக்கிளை நிறுத்தினால் சீட் சுடாது, ஒதியமரத்தின் அடியில் நிறுத்தினால் சுடும். அந்த மரங்களைப் பற்றி அன்றைக்கு எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

எனக்கு ஹார்பரில் டாலி கிளார்க் வேலை. கப்பலிலிருந்து இறங்குகிற மூட்டைகளைப் பார்த்துப் பார்த்துக் கோடு போட வேண்டும். அது வயிற்றுக்கு. பெருமைக்கு வேறொன்று வைத்திருந்தேன். கல்யாண வாழ்த்துப்பா எழுதுவேன். ரோஸ் காகிதத்தில் அச்சடித்து, மணப்பந்தலில் ஒருவர் எழுந்து நின்று உரக்கப் படித்து, பிறகு கண்ணாடி போட்டு வீட்டில் மாட்டி வைப்பார்களே, அதுதான். தண்டையார்ப்பேட்டை வரைக்கும் என் பாட்டு சுவரில் தொங்கியது. என் வாழ்த்துப்பாக்களில் மரத்துக்குப் பஞ்சமே இருக்காது. மாப்பிள்ளையை ஆலமரமாக்குவேன், பெண்ணை வாழையாக்குவேன், மாமனாரைச் சந்தனமரமாக்கிவிடுவேன். சந்தனமரத்தை நான் இன்றுவரை நேரில் பார்த்ததில்லை. எதுகை நன்றாக வரும், அதனால் சேர்த்துக்கொள்வேன்.

காம்பவுண்டுக்குச் சொந்தக்காரர் வண்ணாரப்பேட்டையில் கயிற்றுக்கடை வைத்திருந்த ஒரு பாய். எங்கள் பெண்கள் தெருமுனைக் குழாயில் குடத்தோடு மல்லுக்கட்டி வந்ததைப் பார்த்து, காம்பவுண்டுக்குள்ளேயே ஒரு குழாய் போட ஏற்பாடு செய்துவிட்டார். எல்லோருக்கும் சந்தோஷம். குழாய் போடுகிறவர்கள் வந்து இடத்தைப் பார்த்தார்கள். வாசல் ஓரத்தில்தான் மேடையும் தொட்டியும் கட்ட முடியும், அதற்கு இரண்டு மரத்தில் ஒன்று போக வேண்டும், எது என்று நீங்களே சொல்லுங்கள் என்றார்கள்.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஒதியமரம் என்றாலே எங்கள் ஊரில் வசவு. உயரமாக வளர்ந்து ஒன்றுக்கும் உதவாமல் திரிகிறவனை ஒதியமரம் என்று திட்டுவோம். மரமே வசவாக இருக்கும்போது அதை வெட்டுவதற்கு ஆலோசனை எதற்கு? பாய் வந்திருந்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வாசலில் கூடி, ஒரே குரலில் அதைக் கை காட்டினோம்.

"அது ஏன் கூடாது?" என்று ஒரு குரல் கேட்டது. பூவரசைக் காட்டிக் கேட்டவள், ஒதியமரத்தை ஒட்டிய முதல் வீட்டுக்காரி. நாற்பது வயது இருக்கும். தனிக்கட்டை. கிடங்கில் கிழிந்த சாக்குகளைத் தைப்பது அவள் வேலை. வேலை முடிந்து வரும்போதும் கோணி ஊசி கொண்டையில் செருகியபடியே இருக்கும். அவளோடு வாய் கொடுக்க காம்பவுண்டில் யாருக்கும் தைரியம் கிடையாது. நான் அக்கா என்று கூப்பிடுவேன்.

"இன்னாக்கா, வெளாடுறியா? அது பூவரசு, இது ஒதியமரம்" என்றார் விஞ்சுக்காரர்.

விஞ்சுக்காரர் கப்பலில் சரக்கு தூக்கும் விஞ்சை ஓட்டுகிறவர். விஞ்சு இரைச்சலுக்கு மேலே பேசிப் பேசி அவருக்குத் தொண்டை அப்படியொரு தொண்டையாகிவிட்டது. எங்கள் பேட்டையில் லாவணிக்கு அவர்தான் தலைவர்.

லாவணி இப்போது குறைந்துவிட்டதால் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மாசி மாதம் காமன் பண்டிகை வந்தால் இரண்டு கட்சியாகப் பிரிந்து பாட்டிலேயே சண்டை போடுவார்கள். காமன் எரிந்து போனான் என்று ஒரு கட்சி, எரியவே இல்லை என்று ஒரு கட்சி. ஒருவர் பாட்டில் கேள்வி போட, மற்றவர் அதே மெட்டில் பதில் போட வேண்டும். கையில் தோல் கட்டிய வட்டமான டேப்பு இருக்கும். பதில் சொல்லத் தெரியாமல் நின்றுவிட்டால் எதிர்க்கட்சி வந்து டேப்பைப் பிடுங்கிக்கொண்டு போய்விடும். அதைவிட அவமானம் வேறில்லை.

"ஒதியமரம்னா இன்னா கொறச்சல்? சொல்லு, கேப்போம்" என்று அக்கா விடவில்லை.

"சொல்லணுமா? இந்த வருசம் லாவணியே இதான். பூவரசா, ஒதியமரமா? தோத்த மரம் காலி!" என்று விஞ்சுக்காரர் சிரித்தார். அவர் விளையாட்டுக்குச் சொன்னார். பாய்க்கு லாவணி என்றால் உயிர். "நல்ல யோசனைப்பா. தீர்ப்பு நான் சொல்றேன். அப்புறம் யாரும் முணுமுணுக்கக்கூடாது" என்று அங்கேயே முடிவு கட்டிவிட்டார். ஒரு மரத்தின் உயிரைப் பாட்டுப் போட்டியில் தீர்மானிக்கலாமா என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. காமன் எரிந்தானா இல்லையா என்பதையே பாடித் தீர்க்கிற பேட்டை அது.

விஞ்சுக்காரர் தம் கூட்டத்தோடு பூவரசு பக்கம் போய்விட்டார். ஒதியமரத்துக்குப் பாட யாரும் முன்வரவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"வாத்யாரே, நீதான் பேப்பர்ல பாட்டு போடுறியே. பாடு!" என்றார் விஞ்சுக்காரர். எனக்கு எழுதத்தான் வரும், குரல் தகரத்தைத் தேய்த்த மாதிரி இருக்கும். ஆனால் பெருமைக்காரன் முடியாது என்று சொல்ல மாட்டானே. சரி என்று தலையை ஆட்டிவிட்டேன்.

மறுநாள் வேலையிலிருந்து வந்து ஒரு மணி நேரத்தில் பாட்டை எழுதி முடித்தேன். பசுங்குடை, குளிர்நிழல், தென்றல் என்று எல்லாம் ஒழுங்காக வந்து விழுந்தன. அக்காவை மரத்தடிக்குக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன். அவள் சாக்குத் துண்டு ஒன்றைத் தைத்துக்கொண்டே கேட்டாள். பிறகு ஊசியால் மேலே காட்டினாள்.

"எங்க கீது உன் பசுங்குட?"

நிமிர்ந்து பார்த்தேன். மரத்தில் பேருக்கு ஒரு இலை கிடையாது. மாசி மாதத்தில் அது மொட்டையாக நிற்கும் என்பது, தினமும் அதன் கீழே நடந்து போகிற எனக்குத் தெரியவில்லை.

"சரி, நீயாவது சொல்லுக்கா. இந்த மரத்துல என்ன விசேஷம்?"

"எனக்கு இன்னா தெரியும்? கொடி கட்டி துணி காயப்போடுறேன். அதான் எனக்கும் அதுக்கும் கீற சங்காத்தம்."

"பின்ன எதுக்கு இவ்வளவு சண்டை?"

அவள் ஊசியில் புது நூல் கோத்தாள். பிறகு, அரிசி விலை சொல்கிற மாதிரி சொன்னாள். அவள் புருஷன் ஜப்பான்காரன் சண்டை வருவதற்கு முன்னால் ரங்கூனுக்கு வேலைக்குப் போனவன். கப்பலேறுவதற்கு முன்னால், துணி உலர்த்த ஒரு கம்பு வேண்டும் என்று இவள் நச்சரித்ததால், எங்கிருந்தோ ஒரு கிளையை வெட்டி வந்து வாசலோரம் குத்திவிட்டுப் போனான். அவன் போன பிறகு கம்பு துளிர்த்தது. ரங்கூனில் குண்டு விழுந்ததும் கடுதாசி நின்றது. நடந்தே திரும்பி வந்தவர்களில் ஒருவர் அவனை வழியில் பார்த்ததாகச் சொன்னார், இன்னொருவர் அவன் புறப்படவே இல்லை என்றார். அவள் பொட்டை அழிக்கவும் இல்லை, யாரிடமும் அழவும் இல்லை. கம்பு மரமாகிவிட்டது.

எனக்கு உள்ளுக்குள் குதியாட்டம் போட வேண்டும் போலிருந்தது. இதைவிட என்ன வேண்டும்? அன்று எங்கள் பேட்டையில் பர்மாவுக்கு ஆள் அனுப்பாத வீடு குறைவு. பாயின் சொந்தத் தம்பியே காட்டு வழியாக நடந்து வந்து, வந்த பிறகும் நெடுநாள் பேசாமல் இருந்தவர். இதைப் பாட்டில் வைத்தால் பெண்கள் முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைப்பார்கள், பாய் தீர்ப்பை என் பக்கம் எழுதிவிடுவார். என் முகத்தைப் பார்த்தே அக்காவுக்குப் புரிந்துவிட்டது.

"இத்த பாட்டுல வெச்சே, மவனே, ஊசிய எடுத்து வாயத் தெச்சிருவேன்."

"ஏன்க்கா? ஜெயிக்க வேண்டாமா?"

"அழுது ஜெயிக்க நான் இன்னா ஒப்பாரிக்காரியா? எனக்கு மரம் வோணும். மரத்தப் பாடு. என்னப் பாடாத."

துருப்புச் சீட்டைக் கையில் கொடுத்து, அதை இறக்காமல் ஆடு என்று சொன்னால் எப்படி இருக்கும்? எனக்கு அவள் மேல் நல்ல கோபம். ஆனால் பாடுவதாக வாக்குக் கொடுத்துவிட்டேன். மரத்தைப் பாட வேண்டுமென்றால் மரத்தைப் பார்த்தாக வேண்டும், வேறு வழியில்லை.

மறுநாள் விடிந்ததும் போய் அதன் எதிரே நின்றேன். ஒரு மரத்தை எப்படிப் பார்ப்பது என்றே தெரியவில்லை. மூட்டை என்றால் கோடு போடலாம். சும்மா நின்றேன். இரண்டு நாள் அப்படி நின்ற பிறகுதான் கண் கொஞ்சம் பழகியது. பட்டை பிளந்த இடத்தில் பிசின் திரண்டு காய்ந்திருந்தது. இலையே இல்லாத கிளை நுனிகளில் ஏதோ கொத்துக்கொத்தாகத் தொங்கியது. அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "கரித்தூசி ஒட்டிகினு கீதுன்னு நெனச்சேன்" என்றாள். ஹார்பர் கரி எங்கள் வீட்டுச் சோற்றிலேயே விழும், அவள் நினைத்தது தப்பில்லை. நான் சைக்கிள் கேரியரில் ஏறி நின்று ஒரு கொத்தைப் பறித்துக் கொடுத்தேன். கடுகைவிடக் கொஞ்சம் பெரிய பூக்கள், மஞ்சளும் பச்சையும் கலந்த நிறம். அதற்குள் இரண்டு எறும்புகள் வேறு. அவள் உள்ளங்கையில் வைத்துக் கண்ணை இடுக்கிப் பார்த்தாள். அத்தனை வருஷமாக அதன் கீழே துணி காயப்போட்டவளும் அன்றுதான் அந்தப் பூவைப் பார்த்தாள். "எல தானே மொதல்ல வரணும்?" என்று கேட்டாள். எனக்கும் தெரியாது. ஆனால் இந்த மரம் பூவைத்தான் முதலில் வைத்திருந்தது.

அடிமரத்தில் ஒரு சமாச்சாரம் கிடைத்தது. அவள் முதல்முதலில் கட்டிய கொடிக்கயிறு, ஒரு முடிச்சு மட்டும் வெளியே தெரிய, பட்டைக்குள் போயிருந்தது. மரம் பெருத்தபோது கயிற்றை விழுங்கிவிட்டது. அதற்கு மேலே இன்னொரு கயிற்றின் தழும்பு, அதற்கும் மேலே இப்போதைய கயிறு. நான் அதைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் பீடி நாற்றம் வந்தது. விஞ்சுக்காரர்.

"இன்னா வாத்யாரே, மரத்துக்கு நாடி பாக்குறியா?"

"நீங்க இங்க என்ன பண்றீங்கண்ணே? உங்க மரம் அந்தப் பக்கம்."

"சும்மா, காத்துக்கு வந்தேன்" என்றார். அவர் கண் மட்டும் கிளைகளிலேயே இருந்தது. குறை கண்டுபிடிக்க வந்திருக்கிறார். நானும் அன்று சாயங்காலம் பூவரசின் அடியில் போய் நின்று, புழு அரித்த இலைகளைப் பொறுக்கி எடுத்தேன். திட்டுவதற்காகப் பார்க்கப் போனவனுக்கு, காலையில் மஞ்சளாக இருந்த அதன் பூ மாலையில் சிவந்து விழுவது கண்ணில் பட்டது. அடுத்து வந்த நாட்களில் நானும் அவரும் எதிரி மரத்தின் அடியிலேயே பழியாகக் கிடந்தோம். சந்தில் எதிரெதிரே போகும்போது ஒருவரையொருவர் பார்க்காத மாதிரி போவோம். காம்பவுண்டே சிரித்தது.

பண்டிகையை ஒட்டிய ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வாசலில் கோரைப்பாய் விரித்தார்கள். தெருவில் பாதிப் பேர் வந்துவிட்டார்கள். சொந்தக்காரர் பாய் நாற்காலியில் உட்கார்ந்தார். அக்கா தன் வீட்டு வாசற்படியில், எதிலும் சம்பந்தமில்லாதவள் போல உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாள்.

விஞ்சுக்காரர் டேப்பைத் தட்டி எடுத்த எடுப்பிலேயே கூட்டத்தை அள்ளிவிட்டார்.

"காலையிலே மஞ்சளுடுத்திக் கடைத்தெருவப் பாக்குமாம்,
சாயங்காலம் செவப்புடுத்திச் சாமி கும்பிடப் போகுமாம்;
பூவரசம் பூவுக்குத்தான் பொடவ ரெண்டு இருக்குமாம்,
ஒதியமரம் கட்டிக்கவே ஒரு முழந்தான் உண்டாமா?"

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. மொட்டை மரம் எங்களுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது. நான் கடன் வாங்கிய டேப்பைத் தட்டி, புழு அரித்த இலையைத் தூக்கிக் காட்டி, சேலை முழுக்க ஓட்டை என்று ஒரு பதில் சொன்னேன். என் குரலைக் கேட்டுச் சிரித்தவர்கள்தான் அதிகம். அவர் பூவரசங்கட்டையில் வண்டிச் சக்கரம் செய்வதைப் பாடினார், இலையில் பீப்பி ஊதுவதைப் பாடினார். நான் பிசினைப் பாடினேன். காக்கைக் கூட்டை மறைக்காமல் காட்டுகிற மரம் என்று பாடினேன். கயிற்றை விழுங்கிய கதையைப் பாடினேன், கயிறு யார் கட்டியது என்பதை மட்டும் விட்டுவிட்டு. இதற்குப் பெண்கள் பக்கத்தில் ஒரு முனகல் கிடைத்தது. அவ்வளவுதான். நான் தோற்றுக்கொண்டிருப்பது எனக்கே தெரிந்தது.

அப்போது அவர் என் மரத்தின் அடியில் நின்று கண்டுபிடித்ததை எடுத்து வீசினார்.

"குத்திவெச்ச குச்சியெல்லாம் குடித்தனமா மாறுமாம்,
கொஞ்சங்கூட ரோசமில்லே, வெட்டினாலும் துளிருமாம்!"

கூட்டம் ஓவென்று கத்தியது. பாயும் தொடையைத் தட்டிச் சிரித்தார். குத்தி வைத்த குச்சி என்றதும், ரங்கூன் தானாக என் வாய்க்கு வந்து நின்றது. அந்தக் குச்சியைக் குத்தியவன் யார் தெரியுமா என்று ஒரு அடி எடுத்தால் போதும், சிரித்த வாயெல்லாம் மூடிவிடும். மரம் பிழைத்துவிடும். நான் அக்காவைப் பார்த்தேன். அவள் சுண்ணாம்புக் கையோடு அப்படியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கெஞ்சவும் இல்லை, மிரட்டவும் இல்லை. என்ன செய்யப் போகிறான் என்று பார்த்தாள், அவ்வளவுதான்.

நான் திரும்பி மரத்தைப் பார்த்தேன். மறுபடி டேப்பைத் தட்டினேன்.

"வேரறுத்துப் போட்டாலும் வெந்து மனசு நோகாது,
வெறுங்குச்சி நட்டாலும் வேற எடம்னு நெனைக்காது;
போன எல போகட்டும்னு பூவ மொதல்ல வைக்குமே,
பொறவு வர்ற மழைக்காக எலய மெதுவா சேக்குமே."

யாரும் சிரிக்கவில்லை. எல்லோருடைய கழுத்தும் மேலே போனது. இருட்டப் போகிற நேரம், அந்தச் சின்னப் பூக்கள் கண்ணுக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ, பார்த்தார்கள். விஞ்சுக்காரர் டேப்பைத் தூக்கினார், தட்டவில்லை.

"வாத்யாரே, அத்த இன்னொரு தபா பாடு" என்றார்.

பாடினேன். என் ஆயுளில் நான் கட்டிய வரிகளில் எனக்குப் பெருமை என்றால் அந்த நாலு வரிதான். அதில் என் சொந்தக் கற்பனை எதுவும் இல்லை, மரத்தில் இருந்ததைச் சொன்னேன்.

ஆனால் அவர் லாவணிக்காரர். மனசு இளகினாலும் ஆட்டத்தை விடமாட்டார். தொண்டையைச் செருமிக்கொண்டு, கொஞ்சம் மெதுவாகவே பாடினார்.

"பூவிருந்து இன்னா செய்ய, பொடிமணலு கொதிக்குது,
சித்திரையில் நெழலு கேட்டா உன் மரமின்னா கொடுக்குது?"

சித்திரையில் ஒதியமரம் நிழல் தராது. இருக்கிற மரத்தைப் பார்த்துப் பாடப் பழகிய பிறகு இல்லாத நிழலைப் பாட வாய் வரவில்லை. பழைய ஆளாக இருந்தால் பசுங்குடை, குளிர்நிழல் என்று அளந்திருப்பேன். டேப்பைக் கீழே வைத்தேன். விஞ்சுக்காரர் வந்து அதை எடுத்துக்கொண்டார். பாய் எழுந்து, பாட்டு ரெண்டும் ஷோக்கு, ஆனா வெயில்ல தண்ணி பிடிக்க நிக்கிற பொம்பளைங்களுக்கு நிழல் வேணும், பூவரசு இருக்கட்டும் என்றார். நியாயமான தீர்ப்பு.

கூட்டம் கலைந்த பிறகு அக்காவிடம் போனேன். மன்னிப்புக் கேட்பதா, ஆறுதல் சொல்வதா என்று தெரியவில்லை.

"போன எல போகட்டும்னு பாடுனியே, அது ஆரப்பத்தி?" என்றாள்.

"மரத்தப் பத்திதான்க்கா."

"அப்ப சரி" என்று சொல்லி வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டாள்.

அந்த வாரமே மரத்தை வெட்டினார்கள். கூலிக்கு ஆள் வைக்காமல் காம்பவுண்டு ஆண்களே செய்தோம். விஞ்சுக்காரர்தான் மேலே ஏறினார். பூவோடு கிளைகள் விழுந்தன. நான் கீழே நின்று இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு அங்கே நிற்கப் பிடிக்கவில்லை, ஆனால் போகவும் முடியவில்லை. அக்கா அன்று வேலைக்குப் போகவில்லை. படியில் உட்கார்ந்து முழுவதையும் பார்த்தாள்.

கிளையெல்லாம் கழித்ததும் விஞ்சுக்காரர் இறங்கினார். கிடந்த கிளைகளில் கைத்தடி கனத்துக்கு, ஆள் உயரத்துக்கு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, சின்னக் கொம்புகளை அரிவாளால் சீவினார். அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு அக்காவிடம் போனார்.

"எங்க குத்தட்டும்? சொல்லு."

"எத்த?"

"கொடிக்குக் கம்பு வோணாமா? நாந்தான் பாடுனேனே, குத்திவெச்ச குச்சியெல்லாம் குடித்தனமா மாறும்னு."

அவருக்கு ரங்கூன் கதை தெரியாது. அன்றும் தெரியாது, பின்னாலும் நான் சொல்லவில்லை. குழாய் மேடைக்கு இடைஞ்சல் இல்லாமல், தன் வீட்டுச் சுவரோரம் ஒரு இடத்தை அவள் காலால் காட்டினாள். அவர் கடப்பாரையால் குத்தி, கம்பை நட்டு, மண்ணை மிதித்து இறுக்கினார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். இதே வாசலில் முன்பு ஒருவன் இதே வேலையைச் செய்துவிட்டுத்தான் கப்பலேறினான். அக்கா சட்டென்று எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததை யாரும் திட்டம் போடவில்லை. எதிர் வீட்டுக்காரர் ஒரு கிளையை எடுத்தார். அடுத்த வீட்டுப் பெண் ஒன்றைக் கேட்டு வாங்கினாள். வெறுங்குச்சி நட்டாலும் என்று என் வரியை யாரோ முனகினார்கள், ரோசமில்லே என்று விஞ்சுக்காரர் வரியை இன்னொருவர் சேர்த்துப் பாடினார். தெருவில் போனவர்களும் வந்து எடுத்தார்கள். அதுவரை வசவாக இருந்த மரத்தைச் சாயங்காலத்துக்குள் சுள்ளி பாக்கியில்லாமல் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். சேதி கேட்ட பாய், கடையிலிருந்து அக்காவுக்குப் புதுக் கொடிக்கயிறு ஒரு கட்டு அனுப்பி வைத்தார்.

குழாய் வந்தது. பங்குனி, சித்திரையில் தெருவில் அங்கங்கே நட்ட குச்சிகள் துளிர்விட்டன. சிலவற்றை ஆடு மேய்ந்தது. சில காய்ந்தன. அக்கா வீட்டுக் கம்பு மட்டும் காயவும் இல்லை, துளிர்க்கவும் இல்லை. தினமும் போகும்போதும் வரும்போதும் நான் அதைப் பார்ப்பேன். எனக்கு அது ஒரு பேஜாராகவே ஆகிவிட்டது. தண்ணீர் ஊற்றுக்கா என்று சொன்னால், "வர்றதா இருந்தா வரும்" என்பாள். விஞ்சுக்காரர் காலையில் முகம் கழுவிவிட்டு, செம்பை அலம்புகிற சாக்கில் அங்கே போய்த் தண்ணீரைக் கொட்டிவிட்டு வருவார். அவளுக்கு அது தெரியும். தெரியாத மாதிரி இருந்தாள்.

ஆடியில் இரண்டு மழை விழுந்த பிறகு, ஒரு நாள் காலையில் விஞ்சுக்காரர் கத்தியது ஹார்பர் வரைக்கும் கேட்டிருக்கும். ஓடினேன். கம்பின் நுனிப்பக்கம், பட்டையைக் கிழித்துக்கொண்டு செம்பு நிறத்தில் ஒரு துளிர். நகத்தளவுகூட இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு குச்சிக்காக நான் கலங்குவேன் என்று யாராவது முன்பு சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

"இன்னாத்துக்குக் கத்துற? கொடி அறுந்துபோச்சா?" என்று அக்கா ஈரச் சேலையோடு வந்தாள். வந்தவள் பார்த்தாள். வழக்கமாகக் கம்பின் உச்சியில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து, துளிருக்குக் கீழே இறக்கிக் கட்டினாள். சேலையை உதறிக் கொடியில் போட்டாள். பிறகு வேலைக்கு நேரமாகிவிட்டதென்று ஊசியைக் கொண்டையில் செருகிக்கொண்டு போய்விட்டாள்.

அவள் புருஷன் வரவில்லை. சில வருஷம் கழித்து நான் திருவொற்றியூர்ப் பக்கம் வீடு மாறிப் போனேன். காலி செய்த அன்று அந்த மரம் ஓட்டுக் கூரைக்கு மேலே வளர்ந்திருந்தது. அடிமரம் ஒரு கயிற்றை விழுங்கத் தொடங்கியிருந்தது.

வாழ்த்துப்பா எழுதுவதை நான் விடவில்லை. ஆனால் அதற்குப் பிறகு யார் வந்து கேட்டாலும், பெண் வீட்டு வாசலில் என்ன மரம் இருக்கிறது என்று முதலில் கேட்பேன். பாதிப் பேருக்குத் தெரியாது. போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், பிறகு எழுதலாம் என்று அனுப்பிவிடுவேன். கொஞ்சம் கிறுக்கன் என்று பேர் வாங்கினேன், பரவாயில்லை. அன்று அக்கா தன் கதையைப் பாட விட்டிருந்தால் நான் ஜெயித்திருப்பேன், அந்த மரமும் அங்கேயே நின்றிருக்கும். ஆனால் அதன் பூ என்ன நிறம் என்று எனக்கு இன்றுவரை தெரிந்திருக்காது.